ஆயிரத்தில் எழுபத்தொன்று

அண்ணா, நீ வட்டம் போட்டு அனுப்பிய வரியைப் பார்த்தேன். நல்ல கேள்வி. அத்தானுடைய ரத்தப் பரிசோதனைத் தாளை நம் குடும்பத்தில் எத்தனையோ பேர் கையில் வாங்கிப் பார்த்தார்கள். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டியவர்களும் உண்டு. இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டவன் நீ ஒருவன்தான். அதுவும் அவர் போய் ஆறு வாரம் கழித்து. பரவாயில்லை. கேட்கிறவனுக்குச் சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த வரிக்கு ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை என்று பெயர். எங்கள் ஆய்வகத்தில் ரெட்டிக் என்போம்.

எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது அல்லவா, சிவப்பணு அங்கேதான் உருவாகிறது. வெளியே வரும்போது அது முழுசாக முடிந்த பொருளாக இருக்காது. புதுச் சட்டையில் தையல் நூல் ஒட்டிக்கொண்டிருப்பது மாதிரி, உள்ளே சில மிச்சங்களோடு வரும். ஒன்றிரண்டு நாளில் அந்த மிச்சம் கரைந்துவிடும். அதன் பிறகு மற்ற சிவப்பணுக்களைப் போல நான்கு மாதம் ஓடிவிட்டுச் சாகும். நூல் பிரியாத அந்தப் புதுசுகளை மட்டும் எண்ணுவதுதான் ரெட்டிக். பெரும்பாலும் இயந்திரமே எண்ணிவிடும். அதற்குச் சந்தேகம் வந்தால் நாங்கள் கையால் எண்ணுவோம். ரத்தத்தில் நீலச் சாயம் கலந்து, கால் மணி நேரம் வைத்திருந்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். முதிர்ந்தவை வெறும் வட்டமாக இருக்கும். முதிராதவற்றுக்குள் நீல நூல் சிக்கல் தெரியும். ஆயிரம் அணுக்களில் நூல் உள்ளவை எத்தனை என்று எழுத வேண்டும். ஆரோக்கியமான ஆளுக்குப் பத்து இருக்கும், இருபது இருக்கும்.

கூடினால் நல்லதா, கெட்டதா என்று கேட்டிருந்தாய். தனியாக அந்த எண்ணுக்கு வாய் கிடையாது. பக்கத்தில் ஹீமோகுளோபின் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள். ரெட்டிக் என்பது மோட்டார் ஓடுகிற சத்தம். ஹீமோகுளோபின் என்பது தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்பது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறுகிறது என்றால் சந்தோஷம். மோட்டார் ராப்பகலாக ஓடுகிறது, தண்ணீர் ஏறவே இல்லை என்றால், தொட்டியில் எங்கோ ஓட்டை இருக்கிறது. இது புரிவதற்குப் படிப்பு வேண்டாம். ஆனால் கேட்கிற காது வேண்டும்.

அத்தானுக்கு வாய்தான் இருந்தது.

அவர் தரைக்கு டைல்ஸ் போடுகிற தொழிலில் இருபத்தைந்து வருஷம் இருந்தவர். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கையில் தொட மாட்டார். அது தொழில் தெரியாதவன் வைத்துக்கொள்கிற ஊன்றுகோலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்ப்பார், முடிந்தது. அந்தக் கண்ணின் அழகை நான் தினமும் அனுபவித்தேன். எங்கள் குளியலறை அவரே போட்டது. தண்ணீர் வடிகால் பக்கம் போகாது, எதிர் மூலையில் போய்த் தேங்கும். ஐந்து வருஷமாகக் குளித்து முடித்ததும் ரப்பர் துடைப்பத்தால் அந்தத் தண்ணீரை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் சொன்னேன், வாட்டம் தப்பாக இருக்கிறது அத்தான் என்று. "ஒனக்குத்தான் தள்ளத் தெரியல" என்றார்.

எனக்கு அந்த வீட்டில் ஒரு பெயர் இருந்தது, உனக்குத் தெரியும். கொசு. ரத்தம் எடுக்கிற வேலை என்பதால் அத்தான் வைத்தது. விருந்தாளி யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார்.

"இது நம்ம வீட்டுக் கொசு. காலைல போயி நாலு பேரு ரத்தத்தக் குடிச்சிட்டு சாயங்காலம் வீடு வந்து சேந்துரும்."

எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் என்னைக் கொசு ஆன்ட்டி என்று கூப்பிட்டன. நான் ரத்தம் எடுப்பவள் இல்லை, எடுத்துவந்த ரத்தத்தைப் படிப்பவள் என்று முதல் வருஷம் விளக்கினேன். "ரெண்டும் ஒண்ணுதானே, ஒண்ணு உறிஞ்சும், ஒண்ணு ருசி பாக்கும்" என்றார் அத்தான். இரண்டாம் வருஷம் விளக்கவில்லை.

நீ உடனே வேறு ஏதாவது இருக்கும் என்று தேடுவாய். இல்லை. அவர் என்னைத் தப்பாகப் பார்த்ததில்லை. அக்காமேல் கை ஓங்கியதில்லை. என்னை இந்த ஊருக்கு வரவழைத்ததே அவர்தான், அதைப் பத்து நாளைக்கு ஒருமுறை எல்லோருக்கும் நினைவுபடுத்துவாரே தவிர, சொல்லிக்காட்டி எதையும் பிடுங்கியதில்லை. அவர் காது கொடுத்ததில்லை, அவ்வளவுதான். காரணம் இத்தனை சின்னதாக இருப்பது உனக்கு ஏமாற்றமாக இருக்கும். சிவப்பணுவும் சின்னதுதான்.

இந்த ஊர் மொழி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. வேலையிடத்துச் சொற்கள் ஐம்பது தெரியும், மிச்சத்தைச் சத்தமாகத் தமிழில் சொல்வார். அதனால் டாக்டரிடம் போகும்போதெல்லாம் நான் கூடப் போய் மொழிபெயர்க்க வேண்டும். முதலில் ஒரு சொல் விடாமல் சொல்லிப் பார்த்தேன். "அந்தாளு ரெண்டு வார்த்தைதான் பேசுனாரு, நீ என்ன ராமாயணம் படிக்கிற? உன் சொந்தச் சரக்கெல்லாம் சேக்காத" என்றார், டாக்டருக்கு எதிரிலேயே. டாக்டருக்குப் புரியாவிட்டாலும் தொனி புரிந்தது. என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார். கொசுவைவிட எனக்கு அந்தச் சிரிப்புதான் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து நான் எதையும் சேர்த்ததில்லை.

முழங்கால் வலிக்கு அவர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்து இரண்டு வருஷம் இருக்கும். நாள் முழுக்க மண்டி போட்டு வேலை செய்கிறவருக்கு வலி வராமல் இருக்குமா. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆரம்பித்தது, பிறகு கணக்கில்லாமல் போனது. வெறும் வயிற்றில் போடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "ஏட்டுச் சுரைக்கா" என்று அக்காவிடம் என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு, டீயோடு விழுங்கினார்.

இந்த வருஷ ஆரம்பத்தில் மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. முகம் வெளுத்தது. அக்கா அழுது பிடிவாதம் பிடித்ததால் டாக்டரிடம் வந்தார். ரத்தம் என்னுடைய ஆய்வகத்துக்குத்தான் வந்தது. ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்று. பதின்மூன்றுக்கு மேல் இருக்க வேண்டும். இரும்பு அறவே இல்லை. ரெட்டிக் ஆயிரத்தில் பத்து. மூலப்பொருள் இல்லாமல் பட்டறை படுத்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த டாக்டர் பொறுமைசாலி. ஐந்து நிமிஷம் பேசினார். இரும்பு மாத்திரை தருகிறேன். பத்து நாள் கழித்து ஒரு பரிசோதனை, அதில் ரெட்டிக் ஏற வேண்டும். நான்கு வாரம் கழித்து இன்னொன்று, அதில் ஹீமோகுளோபின் குறைந்தது இரண்டு ஏறியிருக்க வேண்டும், ஏறாவிட்டால் ரத்தம் எங்கேயோ ஒழுகுகிறது, குழாய் விட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும். முழங்கால் மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடச் சொல்லுங்கள், வயிற்றைப் புண்ணாக்குவது அதுவாகத்தான் இருக்கும், அதற்குப் பதில் வேறு எழுதித் தருகிறேன் என்றார்.

அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பள்ளிக்கூடத்துத் தரை வேலை முழுக்க அவருக்குக் கிடைத்திருந்தது.

"என்னவாம்? சுருக்கமா சொல்லு. கதையெல்லாம் வேணாம்."

"ரத்தம் கம்மியா இருக்கு அத்தான். இரும்பு மாத்திர சாப்புடணும். பத்து நாள்ல ஒரு டெஸ்ட், நாலு வாரத்துல ஒரு டெஸ்ட். ஏறணும்" என்றேன்.

"இதச் சொல்லவா இவ்ளோ நேரம்" என்று எழுந்துவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்து, எல்லாம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். அவர் சுருக்கமாகக் கேட்பவர் என்றேன். இரண்டு மொழியிலும் நான் சொன்னதில் ஒரு சொல் பொய் கிடையாது. பதில் மாத்திரைக்கு எழுதித் தந்த சீட்டு என் கைப்பையில்தான் இருந்தது. இன்னும் இருக்கிறது.

பத்து நாளில் இரண்டாவது தாள் வந்தது. ரெட்டிக் அறுபத்திரண்டு. பக்கத்தில் மேல் நோக்கி ஒரு அம்புக்குறி. அத்தானுக்கு எழுத்துதான் படிக்க வராது, அம்பு படிக்க வரும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு ஊர்வலமே நடத்தினார். உனக்கும் அன்றைக்குத்தான் போன் பண்ணினார், நினைவிருக்கிறதா. "ஏறுது பாத்தியா மாப்ள, வயசுப் பய ரத்தம்" என்று நீ பேசவிடாமல் பேசினார். பக்கத்திலேயே ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஆறு என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் கீழ் நோக்கி அம்பு. அதை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது. விரலை எடுக்கச் சொல்வது என் வேலை இல்லை.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு ஏறியது நல்ல அறிகுறிதான். இரும்பு கிடைத்ததும் மஜ்ஜை எழுந்து உட்கார்ந்து வேலை பார்த்தது. அந்த மனிதருக்குள் சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே உறுப்பு அதுதான்.

முழங்கால் மாத்திரை தீர்ந்துபோனால் என்னைத்தான் வாங்கிவரச் சொல்வார். என் ஆய்வகத்துக்குக் கீழேயே மருந்துக்கடை. வாரம் இரண்டு அட்டை. முன்பெல்லாம் வாங்கும்போது ஒரு பேச்சு பேசுவேன், ஏட்டுச் சுரைக்காய் என்பார். இப்போது பேச்சு இல்லாமல் வாங்கிக் கொடுத்தேன். "கொசு திருந்திருச்சு" என்று அக்காவிடம் மெச்சிக்கொண்டார்.

ஒருநாள் அக்கா சமையலறையில் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவளுக்குச் சொல்லக் கூச்சம்.

"ஏய், அவருக்கு வெளிய போறது கன்னங்கரேல்னு தார் மாதிரி போகுதாம்டி. பயப்படணுமா?"

"இரும்பு மாத்திர சாப்புட்டா கறுப்பாத்தான்க்கா போகும்."

அதுவும் உண்மை. எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். வயிற்றில் ரத்தம் கசிந்தாலும் கறுப்பாகப் போகும், தார் மாதிரி ஒட்டும். அதுவும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது, அடுத்த பத்தியில். அவள் அடுத்த பத்தியைக் கேட்கவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நம் வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் இதே வழக்கம். முதல் வரியில் நல்ல சேதி கிடைத்தால் அங்கேயே இறங்கிக்கொள்வார்கள்.

நான்கு வாரத் தாளைத்தான் நீ வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய். அன்று இயந்திரம் அவருடைய குழாயைச் சந்தேகப்பட்டு ஒதுக்கியது. கையால் எண்ண வேண்டும் என்று என் மேசைக்கு வந்தது. சாயம் கலந்து வைத்துவிட்டு, கால் மணி நேரம் ஜன்னல் பக்கம் நின்றேன். தெரு முனையில் ஒருவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து எண்ணினேன். எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு, எண்ணிக்கை தவறிவிடுமோ என்று, அதனால் இரண்டு தடவை எண்ணுவேன். இரண்டு தடவையும் எழுபத்தொன்று. எங்கே திருப்பினாலும் நீல நூல் உள்ள அணுக்கள். வயதுக்கு வராதவற்றை எல்லாம் அவசர அவசரமாக வேலைக்கு அனுப்பியிருந்தது மஜ்ஜை. ஹீமோகுளோபின் எட்டு புள்ளி இரண்டு. நான்கு வாரம் இரும்பு தின்று, இரண்டு ஏற வேண்டிய இடத்தில் முதல் தாளைவிட ஒரு துளிதான் கூட, பத்தாம் நாள் ஏறியதும் இறங்கியிருந்தது. மோட்டார் அலறுகிறது, தொட்டி காலி. என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான தகட்டை நான் பார்த்ததில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று எடுத்துவைத்தேன்.

எண்ணைச் சரியாகப் பதிந்தேன். ஒன்றுகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த ஒழுங்கு என்னிடம் எப்போதும் உண்டு, மேலதிகாரியைக் கேட்டுப் பார்க்கலாம்.

டாக்டர் அதைப் பார்ப்பது அடுத்த சந்திப்பில்தான். சந்திப்பு அடுத்த வாரம் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, வேலை கழுத்தைப் பிடிக்கிறது, தாளில் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார் அத்தான். நான் போன் செய்து ரத்து பண்ணினேன். நோயாளி எப்படி இருக்கிறார் என்று போனை எடுத்த பெண் கேட்டாள். நன்றாக இருப்பதாகச் சொல்கிறார் என்றேன். அப்படித்தானே சொன்னார்.

அதிலிருந்து ஒன்பதாவது நாள், பாதி போட்ட தரையில் மண்டி போட்டிருந்தவர் அப்படியே முன்னால் சாய்ந்தார். கூட வேலை செய்தவர் முதலில் அவர் மட்டம் பார்க்கிறார் என்று நினைத்தாராம். பிறகுதான் வாயிலிருந்து ரத்தம் வருவதைப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு உயிரோடுதான் வந்தார். நான்கு பை ரத்தம் ஏற்றினார்கள். பொருத்தம் பார்த்த மேசை என்னுடையதல்ல, ஆனால் நான் பக்கத்தில் நின்றேன். வயிற்றில் புண் ரத்தக்குழாய்வரை அரித்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பே முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர் வெளியே வந்து அக்காவிடம் பேசினார். ரொம்ப வருத்தம் என்றார். வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லிப் பழைய குறிப்பில் எழுதியிருக்கிறதே, அவர் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னடி சொல்றாரு, என்னடி சொல்றாரு" என்றாள்.

"ரொம்ப வருத்தமாம்க்கா" என்றேன்.

இதுதான் நடந்தது. நிறுத்தச் சொன்னதை நான் சொல்லவில்லை. நிறுத்த வேண்டியதை நானே வாங்கிக் கொடுத்தேன். தாள் என்ன சொல்கிறது என்று தெரிந்தே சந்திப்பை ரத்து செய்தேன். மற்றபடி அவரைக் கொன்றது அவருடைய காதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்த வீட்டில் ரத்தம் படிக்கத் தெரிந்த ஒருத்தி ஐந்து வருஷமாகத் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உன் கேள்விக்குப் பதில் இத்தோடு முடிந்தது. இன்னும் ஒன்று இருக்கிறது. அது பரிசோதனை சம்பந்தப்பட்டதல்ல. ஆனால் நீ வட்டம் போட்ட தாள் ஓரத்தில் ஒரு ஈரக் கறையைப் பார்த்திருப்பாய். அது என்ன என்று அடுத்ததாகக் கேட்பாய். நீ கேட்கிறவன்.

சந்திப்பை ரத்து செய்யச் சொன்ன அன்று காலை நான் குளியலறையில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. அத்தான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறையிலிருந்து பத்தடி நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது. கையில் அந்தத் தாள். கட்டைவிரல் எதையும் மறைக்கவில்லை.

"இந்த மூலைய ஒடச்சுப் போட்டு சரி பண்ணணும்மா" என்றார். "வாட்டம் தப்பாத்தான் போச்சு. நீ அப்பவே சொன்ன."

நான் துடைப்பத்தை நிறுத்தவில்லை. அவர் குனிந்து தாளை நீட்டினார். நான் ஈரக் கையால் வாங்கினேன்.

"ஒரு அம்பு மேல பாக்குது, ஒரு அம்பு கீழ பாக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ படிச்ச புள்ள. நெசமாவே நல்லா இருக்குதா, இல்ல டாக்டர்கிட்ட போகணுமா? நீ சொன்னாப் போறேன்."

கொசு என்று கூப்பிடவில்லை. ஐந்து வருஷத்தில் முதல் தடவை. நான் தாளைப் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை, எழுபத்தொன்றையும் எண்ணியது நான்தான். இருந்தாலும் சிரத்தையாகப் பார்த்தேன்.

"நல்லாத்தான் அத்தான் இருக்கு. மேல போற அம்புதான் முக்கியம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. பள்ளிக்கூட வேலை முடிந்ததும் முதல் வேலை இந்த மூலைதான் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்று ஆரம்பத்தில் சொல்லியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும், அண்ணா.